சொல்லுக்குச் சொல் என்னும் மயக்கம்: திருகோணமலைத் துறைமுகச் சொற்கள் சிலவற்றை முன்வைத்து

ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு நேரான தமிழ்ச்சொல் ஒன்றே இருத்தல் வேண்டும் என்பதும், அஃது ஒருமுறை தீர்மானிக்கப்பட்டபின் எவ்விடத்தும் அதுவே வழங்குதல் வேண்டும் என்பதும் இந்நாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்புத் துறையில் நெடுங்காலமாக நிலவிவரும் கொள்கையாகும். கொள்கை என்பதினும் நம்பிக்கை என்பதே பொருந்தும். கொள்கையாயின் அதற்கு நியாயம் கேட்கலாம். இதற்கு நியாயம் கேட்டவர் அரியர்.

இந்நம்பிக்கை எவ்வாறு தோன்றிற்று என்பதை அறிதல் கடினமன்று. 1950களின் நடுப்பகுதி தொடக்கம் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பௌதிகவியலும் இரசாயனவியலும் தாவரவியலும் தமிழிற் கற்பிக்கப்படவேண்டிய நெருக்கடி அன்று இருந்தது. பாடநூல் எழுதுவோர் பலர். அவர் அனைவரும் ஒரே சொல்லை ஆளாவிடின் மாணவர் இடர்ப்படுவர். ஆகவே வலு என்றால் இது, சக்தி என்றால் இது, விசை என்றால் இது என வரையறுத்தனர். அப்பணி பெரும்பணி. அதனால் இரண்டு தலைமுறை மாணவர் தாய்மொழியில் விஞ்ஞானம் கற்றனர் என்பதை எவரும் மறுத்தல் இயலாது. ஆயின் ஆய்வுகூடத்துக்கு வகுத்த ஒழுங்கை அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கடைத்தெருவுக்கும் துறைமுகத்துக்கும் நீட்டியபோதே தவறு தொடங்கிற்று. விஞ்ஞானத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது வரைவிலக்கணத்தால் செய்துகொள்ளப்படும் ஓர் உடன்பாடு. பிற இடங்களில் அத்தகைய உடன்பாட்டை ஆங்கிலமே செய்துகொள்ளவில்லை. மூலமொழி செய்துகொள்ளாத உடன்பாட்டைப் பெயர்ப்புமொழியிடம் கேட்பது என்ன நியாயம்?

இதனைச் சோதித்தற்குத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியினும் பொருத்தமான இடம் வேறில்லை. அங்கே 'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல் மூன்று பொருளில் வழங்கிவந்துள்ளது. கந்தளாயில் அது குளம். சீனன்குடாவில் அது, இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் தம் கடற்படைக்கெனக் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கி. படையினரிடையே அது இரும்புக் கவசமிட்ட போர் வாகனம். முதற்பொருள் இப்பிரதேசத்து ஆங்கிலத்துக்கே உரியது. இலண்டனில் வாழ்பவர் தம் ஊர் நீர்த்தேக்கத்தை அவ்வாறு அழைப்பதில்லை. மூன்றாம் பொருள் முதலாம் உலகப்போரில், அவ்வாகனம் என்னவென்று பகைவர் அறியாதிருத்தற்பொருட்டுத் தண்ணீர்த் தாங்கி என்று பொய்ப்பெயர் சூட்டியதனால் வந்தது. ஆக, ஒரு சொல்லின் பொருள்களுள் ஒன்று பிரதேச வழக்கு, மற்றொன்று போர்த்தந்திரம். இவற்றையெல்லாம் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்த்தல் வேண்டுமென்பார், 1986 ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட செய்தியை 'கந்தளாய்த் தாங்கி உடைந்தது' என்று எழுதத் துணிவரோ? துணியமாட்டார். ஏனெனில் குளம் என்பது அவர் அறிந்த பொருள். தாம் அறிந்த பொருளில் எவரும் இத்தவறைச் செய்வதில்லை. அறியாத பொருளிலேயே அகராதியின் முதற்சொல்லைப் பற்றிக்கொள்கின்றனர்.

தாங்கி என்னும் சொல்லை இகழ்தல் இங்கு நோக்கமன்று. ஒலியாலும் பொருளாலும் ஒருங்கே பொருந்திய நல்ல ஆக்கம் அது. இகழத்தக்கது அதனோடு பின்னர் ஒட்டப்பட்ட 'பண்ணை' என்பதே. ஆங்கிலத்தார் எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கும் நிலத்தைப் பண்ணை என்னும் சொல்லால் உருவகமாகக் குறிப்பர். அவ்வுருவகத்தை அப்படியே பெயர்த்து 'எண்ணெய்த் தாங்கிப் பண்ணை' என்று எழுதுவோர் இன்றும் உளர். தமிழிற் பண்ணை என்றால் அங்கு ஏதேனும் விளையவேண்டும், அன்றேல் வளரவேண்டும். பத்திரிகைகளோ பெரும்பாலும் 'எண்ணெய்க் குதம்' என்றே எழுதுகின்றன. குதம் என்பது இந்நாட்டில் களஞ்சியத்தைக் குறித்து வழங்கும் சொல். பாடசாலை உயிரியல் நூலில் அதே வடிவம் உடலின் ஓர் உறுப்பைக் குறிக்கும். எவ்வுறுப்பு என்பதை மாணவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் எண்ணெய்க் குதம் என்று செய்தியில் வாசித்தவர் எவரும் இதுவரை மயங்கியதாகத் தெரியவில்லை. 'எண்ணெய்' என்னும் அடை முன்நின்று பொருளை வரையறுத்துவிடுகின்றது.

இவ்வுண்மையைத் தமிழிலக்கணம் என்றோ கண்டறிந்துவிட்டது. பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் எடுத்துக்கொண்டு, வினையால் வேறுபடுவன, வினையால் வேறுபடாதன என இருவகைப்படுத்தியுள்ளார். வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியும் என்பது அவர் கருத்து. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. நிகண்டு செய்தோரும் ஒரு சொல் பல பொருளைத் தருவதை மொழியின் குறையாகக் கருதவில்லை. சூடாமணி நிகண்டு அத்தகைய சொற்களுக்கென்றே ஒரு தொகுதியை வகுத்துள்ளது. திண்ணைப் பள்ளியிற் சிறுவர் மனப்பாடம் செய்த இவ்வறிவைப் பல்கலைக்கழகம் வரை கற்றவர்கள் மறந்து, ஆங்கிலச் சொல்லைத் தனியே பிடுங்கிவைத்து 'இதற்குத் தமிழ் என்ன?' என்று வினவுவது வேடிக்கையானது. சொற்றொடரினின்று பிரித்த சொல்லுக்குத் தமிழ் மட்டுமன்று, எம்மொழியும் விடைகூற இயலாது. இத்தாலிய மொழிபெயர்ப்பாளர் எண்ணெய் நிறைக்கும் தாங்கிக்குச் 'செர்பாத்தோயோ' என்றும், போர்க்களத்துத் தாங்கிக்குக் 'காரோ அர்மாத்தோ' என்றும் இருவேறு சொற்களை ஆள்கின்றார். அதனால் இத்தாலிய மொழி வறியது என்றோ ஒழுங்கற்றது என்றோ எவரும் கூறுவதில்லை.

இவ்விடத்தில் மற்றொரு சாரார் குறுக்கிடுவர். இத்தனை இடர்ப்பாடு எதற்கு, ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிவிட்டால் போதாதா என்பது அவர் வாதம். பஸ்ஸையும் கோப்பியையும் அவ்வாறே எழுதுகின்றோமே என்பர். பொருளோடு வந்த சொல்லை ஏற்றல் தமிழுக்குப் புதிதன்று என்பது மெய்யே. கடல்சார்ந்த வழக்கில் அது மிகுதி. நங்கூரம் பாரசீகத் தொடர்புடையது. சுக்கானும் மாலுமியும் அரபுமொழித் தொடர்புடையன. ஆயின் இவர்தம் யோசனையைத் துறைமுக வாசலில் நின்று ஒருமுறை செயற்படுத்திப் பார்த்தல் வேண்டும். துறைமுகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழெழுத்தில் 'போட்' ஆகும். சபையையும் பலகையையும் குறிக்கும் சொல்லும் 'போட்' ஆகும். படகைக் குறிக்கும் சொல்லும் 'போட்' ஆகும். கப்பலின் இடப்பக்கத்தை மாலுமிகள் வழங்கும் ஆங்கிலப் பெயரும் அதுவே. ஒருவகைத் திராட்சை மதுவின் பெயரும் அதுவே. ஆங்கிலத்தில் மூன்றாய் நின்ற சொற்கள் தமிழெழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஏற்கெனவே பலபொருள் உடையது மேலும் பலபொருள் பெறுகின்றது. துறைமுகம், சபை, படகு என்று எழுதுபவருக்கு இவ்விடர் இல்லை. சுங்கத்திலும் இதுவே நிலை. ஆங்கிலத்திற் கடமைக்கும் இறக்குமதி வரிக்கும் ஒரே சொல். வழக்கத்துக்கும் சுங்கத்துக்கும் ஏறத்தாழ ஒரே சொல். தமிழில் கடமை வேறு, தீர்வை வேறு, வழக்கம் வேறு, சுங்கம் வேறு. ஆங்கிலமே நுட்பமானது, தமிழ் பருமட்டானது என்போர் இதற்கு என்ன விடை தருவர்?

படகு என்னும் சொல்லிலும் ஒரு செய்தி உண்டு. கொட்டியாரக் குடாவின் கரையோரத்தில் தோணி, வள்ளம், வத்தை, கட்டுமரம், ஓடம் எனப் பல சொற்கள் வழங்கியுள்ளன. இவை ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு மாற்றி வழங்கத்தக்கனவல்ல. சொற்பட்டியலின் துணைகொண்டு எழுதப்படும் அறிவித்தல்களிலோ யாவும் படகு. கட்டுமரத்தின் கதை இன்னும் விந்தையானது. தமிழிலிருந்து ஆங்கிலம் சென்ற அச்சொல், அங்கே ஈருடல் கொண்ட விரைவுக்கலத்தைக் குறிக்கலாயிற்று. அதனைத் திரும்பத் தமிழாக்குபவர் 'கட்டுமரம்' என்று எழுதினால், இயந்திரம் பூட்டிய பெருங்கலம் ஒன்று மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையாகிவிடும். சொல் தமிழ்தான், பொருள் தமிழன்று.

மொழிபெயர்ப்பில் தவறுவது அறியாமையால் மட்டுமன்று. சிலவேளை அதிகாரத்தின் விருப்பமும் அங்கே தொழிற்படும். ஆங்கிலத்தில் 'ஏஜென்ட்' என்பவர் பிறரொருவர் சார்பிற் செயற்படுபவர். கப்பற் கம்பனியின் ஏஜென்ட் தமிழிற் கப்பல் முகவர். காப்புறுதியின் ஏஜென்ட் காப்புறுதி முகவர். அரசாங்கத்தின் ஏஜென்ட் மட்டும் முகவர் ஆகவில்லை. அவர் 'அரசாங்க அதிபர்' ஆயினார். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் மாவட்டத்துக் குடிமக்கள் கண்ட ஆட்சி அவரே ஆதலின் அவர் அதிபராகத் தோன்றியது இயல்பே. ஆயின் ஆங்கிலத்தில் ஊழியத்தைக் காட்டும் சொல் தமிழில் ஆண்டகைமையைக் காட்டும் சொல்லாக மாறிவிட்டது. அத்தோடும் நிற்கவில்லை. புகையிரத நிலையத் தலைவர் நிலைய அதிபர். தபாற் கந்தோரின் தலைவர் தபாலதிபர். பாடசாலையின் தலைவர் அதிபர். பொலிசாரின் தலைவர் பொலிஸ் மா அதிபர். அரசின் தலைமைச் சட்டத்தரணி சட்டமா அதிபர். பல ஆங்கிலச் சொற்கள் இங்கே ஒரு தமிழ்ச்சொல்லிற் கரைந்துபோயின. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று முழங்குவோர் இவ்வதிபர் கூட்டத்தை எங்ஙனம் சகித்தனர் என்பது வியப்பு. திருகோணமலை மக்களோ அவ்வலுவலகத்தைக் கச்சேரி என்றே அழைத்தனர். மாவட்டச் செயலகம் என்று பலகை மாறிய பின்னரும் அவ்வழைப்பு மறையவில்லை. தமிழகத்தார் கேட்டால் அங்கே பாட்டு நிகழ்கின்றது என எண்ணுவர். திருகோணமலையில் எவரும் அவ்வாறு எண்ணி அங்கே சென்றதில்லை.

இவை நகைத்துவிட்டுப் போகத்தக்க செய்திகள் எனத் தோன்றலாம். நகைப்புக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. கிழக்கிலங்கையிற் களப்புகளையும் ஆற்று முகங்களையும் கடக்க மக்கள் பயன்படுத்தும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். நிலத்துப் பாதை நீரண்டையில் முடிய, அதன் தொடர்ச்சியாக மிதப்பதும் பாதையே என்னும் மக்களின் சிந்தனை அழகியது. 2009ஆம் ஆண்டு பெரும்பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியா மக்கள் பாதையிலேயே கடலைக் கடந்தனர். ஆங்கிலத்தில் 'ஃபெரி' என்பது கலத்தையும் குறிக்கும். கடக்கும் துறையையும் குறிக்கும். கடத்தும் சேவையையும் குறிக்கும். 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் அத்தகைய மிதவையொன்று கவிழ்ந்து, பாடசாலை சென்ற பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அச்செய்தியைத் தமிழில் எழுதியோர் படகு என்றனர், மிதப்புப் பாலம் என்றனர், படகுப் பாதை என்றனர். கவிழ்ந்தது படகாயின் அதன் தகைமையைச் சோதிக்கவேண்டியவர் ஒருவர், பாலமாயின் வேறொருவர், பாதையாயின், அஃதாவது வீதியின் ஒரு பகுதியாயின், பிறிதொருவர். அனுமதி வழங்கியவர் யார், மேற்பார்வை எவருடையது என்னும் வினாக்கள் அன்று ஊரெங்கும் எழுந்தன. பெயர் ஒன்றே அவ்விபத்தைத் தடுத்திருக்கும் என்பது மிகை. ஆயினும் மக்கள் நாள்தோறும் ஏறியிறங்கிய ஒன்றுக்கு, பொறுப்பாளர் இன்னார் என்று காட்டும் ஒரு பெயர் நிருவாகத் தமிழில் உறுதிப்படவில்லை என்பது மிகையன்று. மக்களிடம் பெயர் இருந்தது. அதனைச் சொற்றொகுதிக்குள் எடுத்துக்கொள்ள அலுவலகத்தார் கூசினர். பாதை என்பது வீதிக்கு உரிய சொல்லாயிற்றே, ஒரு சொல்லுக்கு ஒரு பொருளன்றோ!

சட்டத்துறையில் நிலை இதனினும் பாரதூரமானது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தின்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்படல் வேண்டும்; இரு உரைகளும் முரணுமிடத்து எது மேலோங்கும் என்பதை ஒவ்வொரு சட்டமும் ஆக்கப்படுகையிற் பாராளுமன்றம் தீர்மானிக்கும். நடைமுறையிற் சட்டங்களின் இறுதியிற் காணப்படும் வாசகம் சிங்கள உரையே மேலோங்கும் என்பதாகும். இதன் விளைவு யாது? தமிழுரையில் ஒரு சொல் பிழைத்தால் எவருக்கும் நட்டமில்லை என்னும் எண்ணம் அதனை எழுதுவோரிடத்தும் சரிபார்ப்போரிடத்தும் படிகின்றது. தமிழுரையை மட்டும் வாசித்து அதன்படி நடக்கும் மீனவரும் வணிகரும் தொழிலாளரும் இருக்கின்றனர் என்பது அவ்வெண்ணத்தில் இடம்பெறுவதில்லை. தமிழுரை மேலோங்காது என்பதற்காகவே அது இருமடங்கு கவனத்துடன் எழுதப்படுதல் வேண்டும். முரண் எழுந்தால் தோற்பது அவ்வுரையை நம்பியவரே.

சொல்லின் பலபொருள் தன்மை அரசியலிற் கருவியாவதும் உண்டு. 1978ஆம் ஆண்டின் யாப்பு நாட்டை 'ஒற்றையாட்சி' அரசு என்று தமிழிற் கூறும். 2017 செப்தெம்பரில் வெளியிடப்பட்ட, அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தற் குழுவினது இடைக்கால அறிக்கை, அதற்குரிய ஆங்கிலச் சொல்லின் பொருள் பிரித்தானியாவிலேயே மாறிவிட்டதெனக் கூறி அச்சொல்லைத் தவிர்த்தது. சிங்களத்தில் 'ஏக்கிய இராச்சிய' என்பதை வைத்துக்கொண்டு, தமிழில் 'ஒருமித்த நாடு' என்று எழுதிற்று. இராச்சியம் என்பது ஆட்சியமைப்பை உணர்த்தும். நாடு என்பது நிலத்தையும் மக்களையும் உணர்த்தும். ஆங்கிலத்தில் அரசு, நாடு, மாநிலம், நிலைமை யாவற்றுக்கும் ஒரே சொல் நிற்பதனால் இவ்விடைவெளி மறைந்துகிடக்கின்றது. சிங்கள வாசகர் ஒன்றையும் தமிழ் வாசகர் மற்றொன்றையும் விளங்கிக்கொள்ள, இருவரும் மற்றவர் தம்மை ஏமாற்றுகின்றார் என்று ஐயுற்றனர். அது சமரசத்துக்கான முயற்சி என்று வாதிடுவோர் உளர், இருக்கலாம். ஆயின் எழுத்திற் பொருத்திய இணக்கம் வாசிப்பிற் பொருந்தவில்லை. இத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பாளர் செய்யவேண்டியது இனிமையான சொல்லைத் தேடுவதன்று. மூலச்சொல் இன்ன இன்ன பொருள்களைத் தரும், இவற்றுள் இதுவே இங்குக் கொள்ளப்பட்டது என வெளிப்படையாகப் பதிவுசெய்வதாகும்.

திருகோணமலைக்கு இது தொலைவிலுள்ள வாதமன்று. 1987 ஜூலை மாதத்து இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டு முயற்சியாகப் புனரமைப்பது பற்றிய வாசகம் உண்டு. தமிழில் கூட்டு முயற்சி என்றால் ஊரார் சேர்ந்து கிணறு வெட்டுவதும் அதுவே. இரு நிறுவனங்கள் பங்குரிமையோடு கம்பனி அமைப்பதும் அதுவே. 2022 ஜனவரியிற் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி 99 தாங்கிகளுள் 61 ஒரு புதிய கூட்டுக் கம்பனிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கை நிறுவனத்துக்கும் பகிரப்பட்டன. புதிய கம்பனியின் பங்குகளில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துடையது. குத்தகையா, விற்பனையா, வாடகையா, முகாமையா என்று மக்கள் அப்போது மாறிமாறி வினவினர். வயற் குத்தகை அறிந்தவருக்குக் குத்தகை என்றால் பருவமுடிவில் நிலம் திரும்பும். ஐம்பது ஆண்டுக் குத்தகையையும் அதே சொல்லாற் கூறும்போது காலவரையறையையும் உரிமை எல்லையையும் அருகில் எழுதாவிடின், அச்சொல் உண்மையைக் கூறிக்கொண்டே பொய்யை உணர்த்தும்.

இனிச் செய்யவேண்டியது யாது என்னும் வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு விடை கிடைத்துள்ளது. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், மாணவர்களையும் உடன்வைத்துக்கொண்டு நூல்களைப் பெயர்த்தார். தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுதல், கிடையாதபோது வடமொழியை நாடுதல், அதன்பின்னரே ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட முறை. அவர் வழங்கிய சொற்கள் பல இன்று வழக்கிலில்லை, அது பெரிதன்று. நோயாளியின் படுக்கையருகே நின்று சொல்லைத் தேடினார் என்பதே பெரிது. இன்றைய சொல்லாக்கக் குழுக்கள் ஆங்கில அகரவரிசைப் பட்டியலை மேசைமீது விரித்துக்கொண்டு தேடுகின்றன. பட்டியலிற் சொல் மட்டுமே உண்டு; அது வழங்கும் வாக்கியம் இல்லை, வழங்கும் ஆளும் இல்லை.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதிற் செய்யத்தக்கது நிறைய உண்டு. பழந்தமிழ்க் கலைச்சொற்களைத் தேடிப் பதவுரை காணும் மாணவருள் ஒருசிலராயினும் மூதூர் இறங்குதுறைக்கும் சீனன்குடாவுக்கும் சென்று, அங்கு வேலைசெய்வோர் எப்பொருளை எச்சொல்லால் எவ்வாக்கியத்தில் வழங்குகின்றனர் என்பதை எழுதிவருதல் வேண்டும். சொற்றொகுதியில் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின்கீழும் பொருள்தோறும் தனித்தனித் தமிழ்ச்சொல்லும், அதற்கொரு வாக்கியமும் இடம்பெறல் வேண்டும். மாலுமி என்னும் சொல் இவ்வாறு எழுதிவைக்கப்படாமையால் இழந்த பொருளை எண்ணிப்பார்க்கலாம். அரபுக் கடலோடிகளிடமிருந்து வந்தபோது அது கலத்துக்கு வழிகாட்டிச் செலுத்தும் வல்லுநரைக் குறித்தது. பின்னர் கப்பலிற் பணிபுரிவோர் யாவர்க்கும் பொதுப்பெயராயிற்று. இன்று அந்நியக் கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்திவரும் அதிகாரிக்கு உரிய ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முனைவோர், அதே சொல் விமானம் ஓட்டுபவரையும் குறிப்பதைக் கண்டு தடுமாறுகின்றனர். வழிகாட்டி என்கின்றனர், ஓட்டி என்கின்றனர், ஈற்றில் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகின்றனர்.